தீவு ஆபீஸ் ஆக்னஸ்

எனக்கு மட்டும் பேர் மாற்ற வேண்டியிருக்கவில்லை. எல்லாக் கேடும் அங்கேதான் ஆரம்பித்தது என்று இப்போது தோன்றுகிறது.

ஹைதராபாத் ஹப்சிகுடாவில் எங்கள் கால் சென்டர் ஆபீஸில் சேருகிற எல்லோருக்கும் முதல் நாளே வேறு பேர் கொடுத்துவிடுவார்கள். திருப்பூர்க்காரன் தினேஷ், எங்கள் டீம் லீடர், டென்னிஸ் ஆனான். சுபாஸ்ரீ சூ ஆனாள். என் முறை வந்தபோது மேனேஜர் பேப்பரைப் பார்த்துவிட்டு, "ஆக்னஸ்தானா? அப்படியே இருக்கட்டும்" என்றார். லாலாகுடா ரயில்வே காலனியில் ஒர்க்‌ஷாப் சங்கைக் கேட்டுக் கண் விழித்து வளர்ந்தவள் நான். என் அப்பா ஆரோக்கியசாமி எனக்கு வைத்த பேர் எந்த வெள்ளைக்காரக் கிழவிக்கும் பொருந்தும். கான்வென்டில் மதர் ஸ்கேலால் முட்டியில் தட்டித் தட்டி ஏற்றிய இங்கிலீஷும் இருந்தது. சேர்ந்த மூன்றாம் மாதமே என்னைச் செயின்ட் மார்த்தா தீவுக்குப் போட்டார்கள்.

போட்டார்கள் என்றால் விமானம் ஏற்றி அனுப்பினார்கள் என்று யாரும் பொறாமைப்பட வேண்டாம். நான் ஹப்சிகுடா மூன்றாவது மாடியிலேயேதான் உட்கார்ந்திருந்தேன். தீவு அமெரிக்காவில், ஃப்ளோரிடாவுக்கு மேற்கே இருந்தது. கரைக்கு முன்னால் கடலில் நீட்டிப் படுத்த மணல் திட்டு அது. நீளம் பதினாறு கிலோமீட்டர். அகலம் சில இடங்களில் மெயின் ரோட்டிலிருந்து பின்தெருவுக்குப் போகிற தூரம்தான். ஒரு பக்கம் பெரிய கடல், மறு பக்கம் ஆழமில்லாத உப்பங்கழி. கரைக்குப் போக ஒரே ஒரு பாலம். வருஷம் முழுக்க வெயில் அடிக்கும், அதற்காகவே குளிர் தேசத்துக்காரர்கள் வந்து தங்குவார்கள். அங்கே எங்கள் கம்பெனி பார்த்துக்கொண்ட வாடகை வீடுகள் இருநூற்றுச் சொச்சம். அவர்களுடைய ராத்திரி நமக்குக் காலை. அதனால் தீவின் ராத்திரி ஆபீஸ் முழுக்க ஹப்சிகுடாவில், காலை ஐந்தரையிலிருந்து மதியம் ஒன்றரை வரை நடந்தது.

எங்களுக்கு ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். விருந்தினர் கேட்கக்கூடிய கேள்வியும் சொல்ல வேண்டிய பதிலும் அதில் இருக்கும். பேச ஆரம்பிக்கும்போதே திரையில் தெரிகிற தீவு வானிலையைச் சொந்த அனுபவம் மாதிரி சொல்ல வேண்டும். "இன்னிக்கு கொஞ்சம் புழுக்கம்தான், இல்ல?" என்று. எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டால், "தீவு ஆபீஸ்லேர்ந்துதான்." உண்மையில் தீவு ஆபீஸ் என்பது சாவிப் பெட்டிகள் மாட்டிய ஒரு பூட்டிய அறை. கேரி என்று ஒரு பராமரிப்பு ஆள் பகலில் வந்து போவான். அவ்வளவுதான்.

நான் தாளோடு நிற்கவில்லை. எந்த ஐஸ்க்ரீம் கடை எத்தனை மணிக்கு மூடும், எந்தச் சந்தில் மழைத்தண்ணீர் தேங்கும், ஆமை முட்டையிடும் மாதங்களில் கடலைப் பார்த்த விளக்குகளை ஏன் அணைக்க வேண்டும், எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆபீஸுக்குப் பக்கத்துத் தார்நாகாவில் வழி கேட்டால் இரண்டு நிமிஷம் யோசிப்பேன், செயின்ட் மார்த்தாவில் கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பேன். அந்த வருஷம் எங்களுக்குள் நடந்த போட்டியில் 'நம்பத்தகுந்த உள்ளூர்க் குரல்' என்று எனக்கு ஒரு கண்ணாடிக் கோப்பை கொடுத்தார்கள். அதை வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். வெட்கமே படவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். பெருமையாக இருந்தது.

வெர்னாவும் அவள் கணவர் க்ளென்னும் ஒஹையோவிலிருந்து வருகிறவர்கள். எழுபதைத் தாண்டியவர்கள். செப்டம்பரில் கூட்டம் குறைந்ததும் மூன்று வாரம் தங்குவார்கள். எப்போதும் அதே வீடு, பெலிக்கன் சந்து ஏழாம் நம்பர். தீவில் புது வீடுகளெல்லாம் தூண்மேல் நிற்கும். கீழே கார் நிறுத்துகிற இடம், மேலே குடித்தனம். ஏழாம் நம்பர் பழைய தரைவீடு. க்ளென்னுக்குப் பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில் இருந்ததால் படியேறுகிற வீடு அவர்களுக்கு ஆகாது.

முதல் வருஷம் வாசல் பூட்டு திறக்கவில்லை என்று கூப்பிட்டாள். எங்கள் வீடுகளுக்கெல்லாம் நம்பர் பூட்டு. எந்தக் கதவு திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று எங்கள் திரையில் தெரியும், இங்கிருந்தே திறக்கவும் முடியும். நான் பட்டனை அமுக்கினேன். அங்கே கதவு திறந்தது.

"அட, ஜன்னல்லேர்ந்து எங்களப் பாத்துட்டே இருந்தியா?" என்றாள்.

"ஆமாம்" என்றேன். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன்.

அதற்கப்புறம் அவள் வேறு யாரையும் கேட்பதில்லை. ஆக்னஸ் இருக்கிறாளா என்றுதான் கேட்பாள். க்ளென்னைப் புரட்டிப் படுக்க வைத்தபின் அவளுக்குத் தூக்கம் வராது. என்னோடு பேசுவாள். என்னை 'ஹனி' என்பாள். நம் ஊரில் கண்ணு என்று சொல்வதுபோல அது. நானும் என் கதையைச் சொல்வேன். அதில் பாதி உண்மை, அதுதான் விசேஷம். என் வீட்டுக்காரர் ஃபெலிக்ஸ், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் என்றேன். தீவில் ரயிலே கிடையாதே என்றாள். கரைப் பக்கம் என்றேன். எங்கள் வண்டி சிவப்பு என்றேன். அது ஃபெலிக்ஸின் ஸ்கூட்டர். அவள் கார் என்று எடுத்துக்கொண்டாள், நான் திருத்தவில்லை.

இரண்டாம் வருஷம் எனக்காக ஒரு டப்பா பீக்கன் கொட்டை மிட்டாய், தன் கையால் செய்ததை, தீவு ஆபீஸ் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். கேரி தின்று தீர்த்தான். நான் அவனிடம் ருசி எப்படி என்று விசாரித்துக்கொண்டு, வெர்னாவிடம், "பல்லுல ஒட்டிக்கிச்சு, ஆனா விடவே மனசு வரல" என்றேன். ஒரு நாள் காபி குடிக்க வா என்று கூப்பிட்டாள். ராத்திரி டூட்டி, பகலில் தூங்குகிறேன் என்று நழுவினேன்.

ஃபெலிக்ஸுக்கு இது பிடிக்கவில்லை. "நக்கோமா ஆக்னஸ், வேணாம். ஒரு நா அந்தம்மா வந்து ஆபீஸ் கதவத் தட்டுவாங்க. அப்ப என்னா பண்ணுவ?"

"தட்டட்டும். லீவுல போயிட்டேன்னு சொல்லச் சொல்லுவேன். பொய்க்கா பஞ்சம்?"

"ஹவ், ஆமா, உனக்கு பஞ்சமே இல்ல" என்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெடவில்லை, அதுதான் வேதனை. கெட்டது வேறு ஆள்.

நான்காவது வருஷம் செப்டம்பர் கடைசி வாரம், ஒரு புதன்கிழமை. தெற்கேயிருந்து ஒரு புயல் மேலே வந்துகொண்டிருந்தது. அது கரையைத் தொடாமல் கடலோடு போய்விடும் என்றுதான் முதல் நாள் வரை எல்லோரும் சொன்னார்கள். புதன் காலை நான் வேலைக்கு வந்தபோது தீவில் செவ்வாய் இரவு எட்டு மணி. திரையில் புயல் கொஞ்சம் வலப்பக்கம், கரையைப் பார்த்து, சாய்ந்திருந்தது. கேரி மத்தியானமே ஜன்னல்களுக்குப் பலகை அடித்துவிட்டுக் கரைக்குப் போய்விட்டான். மேனேஜரின் மெயில் வந்திருந்தது. அரசாங்கம் கட்டாய உத்தரவு போடுகிற வரை யாரையும் கிளம்பச் சொல்லக்கூடாது, நாமாகச் சொன்னால் வாடகையைத் திருப்ப வேண்டி வரும் என்று. தாளில் புதிதாக ஒரு பதிலையும் சேர்த்திருந்தார்கள். 'நம் பகுதிக்கு இன்னும் உத்தரவு இல்லை. நாங்கள் கவனித்துக்கொண்டிருக்கிறோம். ஆபீஸ் திறந்திருக்கிறது.'

ஆறு பத்துக்கு வெர்னா கூப்பிட்டாள்.

"ஆக்னஸ் கண்ணு, டி.வி.காரன் கத்திக்கிட்டே இருக்கான். வருஷா வருஷம் கத்தறவன்தான். க்ளென்ன இப்பதான் படுக்க வெச்சேன். மறுபடி எழுப்பி கார்ல ஏத்தறது என் ஒருத்தியால ஆகாது. சாயந்தரம் ஒருத்தர் உதவி பண்றேன்னாரு, நான்தான் உன்னைக் கேட்டுட்டுச் சொல்றேன்னுட்டேன். நீ இங்கயே இருக்கறவ. நீ கிளம்பறியா?"

தாளில் இருந்ததைச் சொன்னேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். அவள் ஒரு சிநேகிதியைக் கேட்கிற மாதிரி கேட்டாள். நான் நாலு வருஷமாகச் சொல்லிப் பழகிய குரலில், நல்ல மனசோடு, சிரித்துக்கொண்டு சொன்னேன்.

"நான் எங்கயும் போகல வெர்னா. இங்கதான் இருக்கேன்."

"அது போதும் எனக்கு. நீ இருந்தா நாங்களும் இருக்கோம்" என்றாள்.

போனை வைத்தேன். கீழே டிபன் சென்டரில் இட்லிப் பாத்திரத்தைத் திறந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. நல்ல வெயில். சுபாஸ்ரீயை அனுப்பி ஒரு டீ வாங்கிக் குடித்தேன்.

கடல் என்ன செய்யும் என்று தெரியாதவள் இல்லை நான். லாலாகுடாவிலிருந்து நாங்கள் எல்லோரும் வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள். சுனாமி வந்த அந்த டிசம்பரில் எங்கள் காலனியிலிருந்து கிறிஸ்துமஸுக்குப் போன ஒரு குடும்பத்தில் மூன்று பேர் திரும்பி வரவில்லை. அடக்கம் பண்ணப் பெட்டிக்குள் ஒரு சேலை மட்டும் வைத்ததைப் பார்த்திருக்கிறேன். அது நினைவுக்கு வரவில்லை. தீவு எனக்கு ஒரு திரை. அதில் தண்ணீர் எப்போதும் நீல நிறம்.

ஏழு இருபதுக்கு உத்தரவு வந்தது. தீவில் இரவு ஒன்பது ஐம்பது. தினேஷ் எழுந்து நின்று, "எல்லாரும் அவங்கவங்க லிஸ்ட்ட கூப்பிடுங்க. கட்டாய உத்தரவு வந்துருச்சு. காத்து வேகமாயிருச்சு, பத்தரைக்குப் பாலத்த மூடறாங்க. நாப்பது நிமிஷந்தான் இருக்குதுங்க" என்றான். என் கணக்கில் பத்தொன்பது வீடு. முதலில் வெர்னாவைக் கூப்பிட்டேன்.

உடனே எடுத்தாள். காற்றுச் சத்தம் கேட்டது. தூக்கத்தில் இருந்தவள் குரல் இல்லை.

"வெர்னா, உத்தரவு வந்திருச்சு. இப்பவே கிளம்புங்க."

"நீயும் கிளம்பறியா?"

"ஆமாம். எல்லாரும் போகணும்." வேறு எதைச் சொன்னாலும் அவள் அசைய மாட்டாள் என்று தோன்றியது.

அவள் நாற்காலியை நகர்த்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் சொன்னாள். "க்ளென்னத் தூக்க ரெண்டு பேர் வேணும். எனக்கு ராத்திரில கண்ணு சரியாத் தெரியாது, இந்த மழைல நான் வண்டி ஓட்டினா பாலத்துமேல போக மாட்டேன், பாலத்துக்குக் கீழதான் போவேன். நீ பாலத்துக்கு எங்க சந்தத் தாண்டித்தான போகணும்?"

மேப் என் கண்ணில் நின்றது. ஆபீஸுக்கும் பாலத்துக்கும் நடுவில்தான் பெலிக்கன் சந்து. நானே அவளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

"ஆமாம்."

"அப்ப எங்களையும் ஏத்திக்கிட்டுப் போயிடேன் கண்ணு."

தினேஷ் என் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். நான் திரும்பிப் பார்த்தேன். வேண்டாம், சொல்லிவிடாதே என்று தலையை ஆட்டினான். அவன்மேல் பழி போட்டுத் தப்பிக்க எனக்கு ஆசைதான். ஆனால் அவன் தலையை ஆட்டாவிட்டாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். நான் அங்கே இல்லை, இந்தியாவில் இருக்கிறேன் என்றால், அவள் நம்பவே பத்து நிமிஷம் ஆகும், அழுவாள், கோபப்படுவாள், நேரம் போய்விடும். முதலில் கிழவரை நாற்காலியில் உட்கார வைக்கட்டும், அதற்குள் யாரையாவது பிடித்து அனுப்பிவிடலாம். இப்படித்தான் எனக்கு நானே நியாயம் சொன்னேன். உள்ளே இன்னொன்றும் இருந்தது. அவள் வாயால் 'நீ யார்?' என்று கேட்பதைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

"வரேன்" என்றேன். "க்ளென்ன நாற்காலில உக்கார வெச்சுக் கதவுகிட்ட கொண்டு வந்துடு. வந்துட்டே இருக்கேன்."

"ஆண்டவன் உன்ன நல்லா வெக்கணும். சிவப்பு கார்தானே? வாசல் விளக்கப் போட்டு வெக்கறேன்" என்றாள்.

கேரியைக் கூப்பிட்டேன். அவன் கரையில் மைத்துனன் வீட்டில் இருந்தான். தீவுக்குள் வருகிற பக்கம் எட்டு மணிக்கே அடைத்துவிட்டார்கள், போலீஸ் விட மாட்டான் என்றான். கெஞ்சினேன். தனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றான். அது நியாயம்தான். அதே சந்தில் ஒன்பதாம் நம்பரில் எங்கள் விருந்தினர்கள் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட்டபோது பாலத்தின் நடுவில் இருந்தார்கள். முன்னாலும் பின்னாலும் வண்டி, திரும்ப முடியாது என்றார்கள். அமெரிக்காவின் அவசர நம்பரை அமெரிக்காவில் இருந்தால்தான் அடிக்க முடியும். இங்கிருந்து அடித்தால் போகாது. நாலு வருஷம் அந்த நம்பரை விருந்தினர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு இது தெரியாது. மாவட்ட ஆபீஸின் நீள நம்பரைத் தேடிப் பிடித்து அடித்தேன். பாட்டுப் போட்டார்கள். இருபது நிமிஷம் பாட்டு ஓடியது.

இதற்குள் என் திரையில் பெலிக்கன் சந்து ஏழாம் நம்பரின் பூட்டு பச்சையிலிருந்து ஆரஞ்சுக்கு மாறியது. கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம். தீவில் மணி பத்து இரண்டு.

கடைசியில் ஒரு பெண் எடுத்தாள். முகவரியைச் சொன்னேன். இரண்டு பேர், ஒருவர் நடக்க முடியாதவர் என்றேன். எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டாள். என் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கேள்விக்கு உண்மையைச் சொன்னேன். "இந்தியா, ஹைதராபாத்." அதை மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னாள். அப்புறம், பட்டியலில் எழுதிக்கொண்டேன், இவர்களுக்கு முன்னால் இருநூறு பேர் இருக்கிறார்கள், இப்போதுதான் பாலத்தை மூடிவிட்டோம் என்றாள். உயரமான வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள் என்றாள். அவள் குறை ஒன்றும் இல்லை.

வெர்னாவை மறுபடி கூப்பிட்டேன். லைன் போகவில்லை. டவர் விழுந்துவிட்டது என்று தினேஷ் சொன்னான். நாற்பத்தோரு தடவை அடித்தேன். செய்தி எழுதினேன். 'நான் வரவில்லை. நான் இந்தியாவில் இருக்கிறேன். காத்திருக்க வேண்டாம். எதிரே தூண் வீட்டு மாடிக்குப் போங்கள்.' அது போய்ச் சேரவே இல்லை. இன்றைக்கும் என் போனில் ஒற்றை டிக்கோடு இருக்கிறது.

மற்ற பதினெட்டு வீட்டையும் சுபாஸ்ரீ கூப்பிட்டு முடித்தாள். நான் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூடட்டும் மாதாவே, கதவை மூடிவிட்டு எங்கேயாவது ஏறிவிடட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அது ஆரஞ்சாகவே இருந்தது. காலை ஒன்பது மணிக்கு, தீவில் பதினொன்றரைக்கு, அந்தப் புள்ளி சாம்பல் நிறமானது. 'இணைப்பு இல்லை' என்று எழுத்து வந்தது. தினேஷ் என் தோளைத் தொட்டு, "வீட்டுக்குப் போங்க அக்கா, கேப் சொல்லிட்டேனுங்க" என்றான்.

தீவின்மேல் கடல் ஒரு பக்கம் ஏறி மறு பக்கம் இறங்கியது என்று அப்புறம் செய்தியில் படித்தேன். வெர்னாவையும் க்ளென்னையும் நாலாம் நாள் கண்டெடுத்தார்கள். இரண்டு பேரும் வாசலை ஒட்டியே கிடந்தார்களாம். நாற்காலிச் சக்கரம் கதவிடுக்கில் மாட்டியிருந்ததாம்.

அத்தோடு முடியவில்லை. மாவட்டத்தார் காணாமல் போனவர்களின் பட்டியல் ஒன்றை இணையத்தில் போட்டிருந்தார்கள். தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று தினமும் பார்ப்பேன். ஆறாம் நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் பார்த்தபோது ஒன்பதாவது வரியில் இப்படி இருந்தது. 'ஆக்னஸ். வயது சுமார் அறுபது. வாடகை ஆபீஸ் ஊழியர். கடைசியாகத் தெரிந்த இடம்: முதிய தம்பதியரை மீட்கச் சிவப்புக் காரில் பெலிக்கன் சந்துக்குப் போய்க்கொண்டிருந்தார்.'

எனக்கு வயது நாற்பத்திரண்டு. போனை ஃபெலிக்ஸிடம் நீட்டினேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்துபோனார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் ஆபீஸில் தினேஷைத் தனியாகக் கூப்பிட்டுக் காட்டினேன். அவனுக்கு ஏற்கனவே தெரியும். மேனேஜருக்கும் தெரியும்.

"வக்கீலக் கேட்டாங்க அக்கா. நாம வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லீட்டாங்க. உங்களுக்குத் திங்கக்கெழமலேர்ந்து வேற தீவு. இனிமே உங்க பேரு ரூத்."

"நாயி விட்டு என்னைத் தேடறாங்க தினேஷ். கழில படகுல போயி தேடறாங்க. செய்தில போட்டிருக்கான்."

"ரெண்டு வாரத்துல நிறுத்திருவாங்க அக்கா" என்றான். கெட்ட பையன் இல்லை. வீட்டுக் கடனை அடைக்கிறவன். என்னை நேராகப் பார்க்காமல் சொன்னான்.

அன்று சாயங்காலம் சமையலறையில் உட்கார்ந்தேன். வெர்னாவின் புக்கிங்கில் அவசரத்துக்கு ஒரு நம்பர் கொடுத்திருந்தாள், மகன் ஆலனுடையது. கையில் எழுதிக்கொண்டு வந்திருந்தேன். ஒஹையோவில் அப்போது காலை ஒன்பது மணி.

"ஜெயில்ல போடுவாங்களா?" என்று ஃபெலிக்ஸைக் கேட்டேன்.

"தெரியல." கொஞ்சம் யோசித்து, "போட்டா நான் வந்து பாக்கறேன். நீ போன் பண்ணு" என்றார்.

என் சொந்தப் போனிலிருந்து அடித்தேன். ஓர் ஆண் குரல் எடுத்தது.

"நான் ஆக்னஸ் பேசறேன்" என்றேன்.

"ஆக்னஸா? அம்மாவோட ஆக்னஸா?" அவனுக்கு மூச்சு வாங்கியது. "நீங்க உயிரோட இருக்கீங்களா?"

அழுதான். ஐம்பதை நெருங்குகிற ஓர் ஆண் பிள்ளை, நான் பிழைத்திருக்கிறேன் என்ற சந்தோஷத்தில் அழுதான். அதைவிட என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே கொட்டினான்.

"அம்மா கடைசியா எனக்கு எழுதினது உங்களைப் பத்திதான். 'ஆக்னஸ் சிவப்பு கார்ல வந்துட்டிருக்கா, கவலைப்படாத'ன்னு. அத வெச்சுத்தான் காணாமப் போனவங்க பட்டியல்ல உங்க பேரக் குடுத்தேன். எதிர் வீட்டு ஜிம் மாடிலேர்ந்து ரெண்டு தடவை இறங்கி வந்து கூப்பிட்டிருக்காரு. நானும் பையனும் நாற்காலியோட தூக்கிடறோம், மேல வந்துடுங்கன்னு. அம்மா வேண்டாம்னுட்டாங்களாம். 'ஆக்னஸ் வந்து எங்களக் காணோம்னா இந்த மழைல தேடிக்கிட்டு நிப்பா, பாவம்'னு சொன்னாங்களாம். அப்பறம் ஜிம்மால இறங்க முடியல, தண்ணி வந்துடுச்சு. நீங்க எதுவரைக்கும் வந்தீங்க? எங்க மாட்டிக்கிட்டீங்க?"

இந்த இடத்தில் ஒரு பொய் தயாராக இருந்தது. பாலத்துப் பக்கம் தண்ணீர் ஏறிவிட்டது, வண்டி நின்றுவிட்டது என்று சொன்னால் போதும். அவன் நம்புவான். அவனுக்கும் ஆறுதல், எனக்கும் ஆறுதல். நாக்கு நுனி வரை வந்தது. பழகிய நாக்கு.

"நான் வரல" என்றேன். "நான் தீவுல இருந்ததே இல்ல. ஒரு தடவ கூடப் பாத்ததில்ல. நான் இந்தியாவுல, ஹைதராபாத்ல இருக்கேன். லாலாகுடால என் வீடு. உங்கம்மாகிட்ட வரேன்னு பொய் சொன்னேன்."

அந்தப் பக்கம் ஒரு காபி மெஷின் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. அவன் அதை அணைத்தான்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எவ்வளவு நேரம் காத்துட்டிருந்தாங்க?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தெரியும்.

"ஒரு மணி இருபத்தெட்டு நிமிஷம்" என்றேன். "பத்து ரெண்டுக்குக் கதவத் திறந்தாங்க. பூட்டு எங்க திரைல தெரியும். அதுக்கப்பறம் மூடவே இல்ல. பதினொன்றரைக்குக் கரண்ட் போயிடுச்சு."

"அவ்வளவு நேரமும் நீங்க அதைப் பாத்துட்டே இருந்தீங்களா?"

"ஆமாம்" என்றேன்.

அவன் போனை வைத்துவிட்டான். என்ன சொன்னான் என்று ஃபெலிக்ஸ் கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். மாதா படத்துக்குப் பக்கத்திலிருந்த கண்ணாடிக் கோப்பையை அவர் எடுத்துப் போய்ப் பரண்மேல் வைத்தார். மறுநாள் காலை பட்டியலைப் பார்த்தேன். ஒன்பதாவது வரியில் வேறு யாரோ இருந்தார்கள். என் பேரை எடுத்துவிட்டிருந்தார்கள்.